ஜாப் கார்டில் ஏறாத ஈரம்

புதுக் காரின் இடப்பக்க முன் இருக்கைக்குக் கீழே விரித்திருந்த மிதியடியைத் தூக்கியபோது அதனடியில் தண்ணீர் தேங்கி நின்றது. வண்டி வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஓடியிருந்த தூரம் 640 கிலோமீட்டர். 2023 ஐப்பசிக் கடைசி நாளில் மயிலாடுதுறைக் கடைமுகத் தீர்த்தவாரிக்கு அம்மாவை அழைத்துச் சென்று திருச்சிக்குத் திரும்பும் வழியில், கும்பகோணம் தாண்டியதும் பிடித்த மழை தஞ்சாவூர் வரை விடவில்லை. "காலடியெல்லாம் ஈரமா இருக்குடா, காவிரி கூடவே வந்துட்டாளா?" என்று அம்மா கேட்டபோது, குடையிலிருந்து சொட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், தரைக் கம்பளத்துக்குக் கீழிருந்த பஞ்சு, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது.

அந்த ஈரத்துக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பரிகாரம் கிடைக்க மேலும் பதினான்கு மாதம் ஆயிற்று. இந்தத் தாமதத்தில் விற்றவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு எனக்கும் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். விற்பனை முகவரின் பெயரையோ வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையோ சொல்லப்போவதில்லை. சமரசத்தில் கையெழுத்திட்டு முடித்துக்கொண்ட விவகாரம் அது.

விஜயதசமியன்று வண்டி எடுக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய விருப்பமாக இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும். எங்களைப் போலவே நாள் பார்த்து வந்திருந்த பதினைந்து இருபது குடும்பங்களுக்கு நடுவில், சிவப்புத் துணியை விலக்கி, கேக் வெட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியபோது மணி 2.50. டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைப் பட்டியல் என்று ஒரு தாளை நீட்டினார்கள். எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவால், ஒரே வேகத்தில் டிக் அடித்திருந்தது. அடியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள், படிக்காமல் போட்டேன். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் நான். படிக்காமல் கையெழுத்திட்ட சங்கச் செயலாளர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியவன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதல் முறை சர்வீஸ் நிலையத்துக்குப் போனபோது, ஆலோசகராக இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "புது வண்டிதானே சார், ஏ.சி. தண்ணியா இருக்கும், பாத்துடுறோம்" என்றார். மாலையில் வண்டியைக் கழுவித் துடைத்து, கம்பளத்தைக் காயவைத்துக் கொடுத்தார்கள். காசு எதுவும் வாங்கவில்லை. வண்டியை விடும்போது நாம் சொல்லும் குறையையும் அவர்கள் செய்த வேலையையும் எழுதும் சீட்டு, ஜாப் கார்டு. அன்றைய ஜாப் கார்டில் என் குறையாக எழுதப்பட்டிருந்தது 'பொதுப் பரிசோதனை, வாட்டர் வாஷ்' என்பது மட்டுமே. தண்ணீர் உள்ளே வருகிறது என்று ஒரு சொல் அதில் இல்லை. வாடிக்கையாளர் திருப்தி என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. டிசம்பரில் இரண்டாம் முறை போனபோது 'ஏ.சி. வடிகால் குழாய் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதினார்கள். அதன்பின் மழை இல்லை, ஈரமும் இல்லை, நான் மறந்துவிட்டேன். மே மாதக் கோடை மழையில் மறுபடியும் கம்பளம் நனைந்தது. ஜூனில் மூன்றாம் முறை வண்டியை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, 'சோதித்ததில் குறை காணப்படவில்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். சோதித்த மூன்று நாளும் நல்ல வெயில்.

காருக்குள் தண்ணீர் வருவதற்கு வழிகள் பல உண்டு. ஏ.சி. வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே குளிர்ந்து படியும் நீர் வெளியேற முடியாமல் முன் இருக்கையின் காலடியில் கொட்டும். மேற்கூரைக் கண்ணாடி உள்ள வண்டிகளில் அதன் நான்கு மூலைக் குழாய்களில் ஒன்று கழன்றாலும் இதே கதைதான். முன் கண்ணாடிக்குக் கீழே இலைச்சருகு சேர்ந்து வடிகால் அடைபடுவது, வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்தும் என் போன்றவர்களுக்கு வழக்கமாக வருவது. இவை தவிர இன்னொரு வழி இருக்கிறது. கார் கதவுக்குள் மழைநீர் இறங்குவது குறையே அல்ல. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியே நீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியே போய்விடும்படிதான் கதவைச் செய்கிறார்கள். அந்த நீர் பயணிகளின் பக்கம் வராமல் தடுப்பது, கதவின் உள் அட்டைக்குப் பின்னால் கறுப்புப் பசையால் சுற்றிலும் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். தொழிற்சாலையில் ஒட்டிய அந்தத் தாளை யாராவது ஒருமுறை பிரித்து, பழைய பசையின் மேலேயே அழுத்தி மூடினால், வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. அடைமழையில் தெரிந்துவிடும்.

என் வண்டியில் அந்தத் தாளை யாரோ பிரித்திருந்தார்கள் என்பதைக் கண்டுபிடித்தவர், அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு டிங்கர். நான் போனது வேறு வேலையாக. பின் பம்பரில் விழுந்த கீறலைக் காட்டத்தான். அவர் பம்பரைப் பார்த்துவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், இடப்பக்க முன் கதவருகே நின்றார், குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகக் கண்ணை ஓட்டினார். "அண்ணே, இந்தக் கதவு கம்பெனிக்கு வெளிய ஒருதடவ பெயின்ட் குடிச்சிருக்கு" என்றார். மற்ற கதவுகளில் மழமழவென்றிருந்த பெயின்ட், இதில் ஆரஞ்சுத் தோலைப் போல நுண்ணிய புள்ளிகளாக இருந்தது. கதவின் ரப்பர் பீடிங்கில், மடிப்புக்குள், வண்டியின் நிறத்திலேயே பொடிப்பொடியாகத் தெறிப்பு. கதவைக் கீலோடு பிடிக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்து, ஸ்பேனர் பிடித்த அடையாளம் இருந்தது. பிறகு மைக்ரான் மீட்டரை எடுத்து வந்து வைத்துக் காட்டினார். தொழிற்சாலைப் பெயின்ட்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். மற்ற மூன்று கதவுகளும் அப்படித்தான் இருந்தன. இந்தக் கதவின் நடுவில் 290. அடியில் ஓரிடத்தில் 600-ஐத் தாண்டியது. அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள் என்றார். ஒடுக்கு எடுப்பதற்கு உள் அட்டையைக் கழற்றியாக வேண்டும், கழற்றினால் அந்தத் தாளைப் பிரித்தாக வேண்டும். எட்டு மாதமாக விளங்காதது ஐந்து நிமிடத்தில் விளங்கியது.

அதாவது, எனக்குப் புதுசு என்று விற்கப்பட்ட வண்டி, தொழிற்சாலையிலிருந்து வரும் வழியிலோ முகவரின் ஸ்டாக்யார்டிலோ அடிபட்டு, ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிக்கப்பட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படாமல் என்னிடம் தள்ளப்பட்டிருக்கிறது. அன்று எனக்கு வந்த கோபத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. அந்தக் கோபத்தில் நான் செய்த தவறைத்தான் எழுத வேண்டும். மறுநாளே முகவருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதிய வண்டி தர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணத்தையும் வட்டியோடு தர வேண்டும், வேறு எதற்கும் சம்மதிக்க மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தேன். அடுத்த ஏழு மாதம் அந்த ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள்: வாரன்டிப்படி பழுதுபார்க்கத் தயார், மாற்றித் தர விதியில்லை. நடுவில் வெளியில் வாங்கிப் போட்ட சீட் கவர்தான் ஈரத்துக்குக் காரணம் என்றார்கள். வெளியில் வாட்டர் வாஷ் செய்ததுதான் காரணம் என்று இன்னொரு முறை. கதவைப் பொறுத்தவரை, வண்டி என் கைக்கு வந்த பிறகு நான்தான் எங்கோ இடித்துப் பெயின்ட் அடித்திருக்க வேண்டும் என்று மிகவும் பண்பாகக் குறிப்புணர்த்தினார்கள்.

கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவின் கணவரிடம், 2025 மாசியில், இந்தக் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் முழுவதையும் படித்துவிட்டு, மின்னஞ்சல்களை ஓரமாக ஒதுக்கி வைத்து, மூன்று ஜாப் கார்டுகளை மட்டும் மேசைமேல் வரிசையாக வைத்தார். "மாப்பிள்ளை, நீ தணிக்கைக்காரன். வவுச்சர் இல்லாத செலவை நீ ஏத்துக்குவியா?" என்று கேட்டார். முதல் கார்டில் தண்ணீரே இல்லை, இரண்டாவதில் ஏ.சி. குழாய், மூன்றாவதில் குறையே இல்லை. என் வண்டியில் மழைநீர் வருகிறது என்று நான் புகார் செய்ததற்கு முதல் எட்டு மாதத்தில் ஒரு எழுத்து ஆதாரமும் கிடையாது. இந்தக் காகிதங்களின்படி அது நல்ல வண்டி.

அமெரிக்காவில் 'லெமன் சட்டம்' இருப்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நாம் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எலுமிச்சையை அவர்கள் பழுதுள்ள வண்டிக்கே பெயராக வைத்திருக்கிறார்கள். 1982-இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி வைத்தது. ஒரே குறைக்காக இத்தனை முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்றால், அல்லது இத்தனை நாள் வண்டி பட்டறையில் கிடந்தால், மாற்றிக் கொடு அல்லது பணத்தைக் கொடு என்று அங்கே சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்த குறை என்று கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. நம் நாட்டில் இப்படித் தனிச்சட்டம் எதுவும் இல்லை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வாகனத் திரும்பப்பெறும் விதிகள், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே பாதுகாப்புக் குறை பலருக்கும் இருந்தால் பயன்படுமே தவிர, ஒருவன் வண்டியின் ஒரு கதவுக்கு உதவாது. நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதில் இத்தனை முறை என்ற கணக்கு கிடையாது. எத்தனை முறை போனோம், என்ன சொன்னோம் என்பதற்குக் கணக்கு ஜாப் கார்டில் மட்டுமே இருக்கிறது. அதை எழுதுபவர் எதிர்தரப்பின் ஊழியர்.

புது வண்டிதான் வேண்டும் என்ற என் பிடிவாதத்தையும் அத்தான் உடைத்தார். மாருதி நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், கிளட்ச் கோளாறுக்காக முழு வண்டியையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை ஏற்கவில்லை. வாரன்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கான உறுதிமொழிதான் என்றது. அதிலிருந்து, முழு வண்டியும் வேண்டும் என்பவர் அந்த வண்டி முழுவதையும் கெடுக்கும் உற்பத்திக் குறை இருப்பதை நிபுணர் சான்றோடு காட்ட வேண்டிய நிலை வந்துவிட்டது. அதற்குள் வண்டி இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால், குறையுள்ள வண்டி எப்படி இவ்வளவு தூரம் ஓடியது என்ற கேள்வியும் வரும். என் வண்டி அப்போது 18,000-ஐத் தாண்டியிருந்தது. வேறு வண்டி இல்லாதவன் ஓட்டாமல் என்ன செய்வான் என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் அது வழக்கைப் பலவீனப்படுத்தும்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஹூண்டாய் கிரெட்டா ஒன்று விபத்தில் சிக்கியபோது காற்றுப்பைகள் விரியாத வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற அந்தத் தீர்ப்பின் கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. சில குறைகள் தாமே சாட்சி சொல்லும். 2009-இல் வாங்கிய ஒரு பிஎம்டபிள்யூ காருக்காக 50 லட்சம் ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 ஜூலையில். வென்றார் என்று சொல்லலாம். பதினைந்து ஆண்டு ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யார் மீது வழக்கு என்பது அடுத்த சிக்கல். கோவாவில் ஒரு முகவர் 2011 மாடலுக்குப் பதிலாக 2009-இல் தயாரான வண்டியைத் தள்ளிவிட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் டாட்டா மோட்டார்ஸைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. நிறுவனத்திடமிருந்து முகவர் வண்டியை விலைக்கு வாங்கித் தன் பொருளாக விற்கிறார். முகவர் செய்த மோசடி நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரை அதை நிறுவனத்தின் தலையில் ஏற்ற முடியாது என்பது அதன் சாரம். என் விஷயத்துக்கு இது நேராகப் பொருந்தியது. கதவில் பெயின்ட் அடித்து மறைத்தது முகவரின் முறையற்ற வணிக நடைமுறை. வாரன்டிக் காலத்தில் நீர்க்கசிவைச் சரிசெய்யாதது இருவருடைய சேவைக் குறைபாடு. நான் எழுதிய ஏழு மாதக் கடிதங்களில் இரண்டும் ஒரே சேறாகக் கலந்து கிடந்தன. அத்தான் அவற்றைப் பிரித்து, எதை நிரூபிக்க முடியுமோ அதை மட்டும் கேள் என்றார். நான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. தோற்றுப்போனது போல் இருந்தது.

பிறகு காகிதத்தைச் சேர்க்கத் தொடங்கினோம். உண்மையில் ஒன்றரை ஆண்டு தாமதமாக. மாசியில் மழை இல்லாததால் நான்காம் முறை சர்வீஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, அவர்கள் முன்னிலையிலேயே இடப்பக்கக் கதவின் மேல் இருபது நிமிடம் குழாயில் தண்ணீர் பாய்ச்சச் சொன்னேன். கம்பளம் நனைவதைக் கைப்பேசியில் இடைவெட்டு இல்லாமல் படம் எடுத்தேன். ஜாப் கார்டில் குறை என்ற கட்டத்தில் நான் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதினால்தான் கையெழுத்து என்றேன். ஆலோசகர் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது 'திருப்தி' என்ற இடத்தில் 'நீர்க்கசிவு தீரவில்லை, எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று என் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, நகலையும் வாங்கிக்கொண்டேன். காப்பீட்டு மதிப்பீட்டாளராக உரிமம் பெற்ற ஒருவரை வைத்து, நான்கு கதவுகளின் பெயின்ட் கனத்தையும் அளந்து அறிக்கை வாங்கினேன். அதற்கான கட்டணம் நான் தண்டமாகக் கட்டிய காசு என்று அப்போது நினைத்தேன், பின்னால் அதுதான் பேசியது. டிங்கர் தம்பி எழுதித் தருவதாகச் சொன்னார்; அவர் கண்ணை நான் நம்புவேன், வழக்கென்று போனால் நுகர்வோர் ஆணையம் உரிமம் உள்ளவரைத்தான் நம்பும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். அது தீர்ப்பு சொல்லும் இடமல்ல; புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். ஆனால் அந்த வழியாக வந்த பதிலில், கதவைப் பற்றிய கேள்வியை முகவரிடம் கேட்டுக்கொள்ளவும் என்று நிறுவனம் எழுதியிருந்தது. அவ்வளவு காலம் இருவரும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்; முதல் விரிசல் அந்த ஒரு வரியில் தெரிந்தது. அதன்பின் இருவருக்கும் சட்ட அறிவிப்பு போயிற்று.

இதற்கிடையே வங்கித் தவணையை நிறுத்திவிடு, அப்போதுதான் வழிக்கு வருவார்கள் என்று அலுவலக நண்பர்கள் யோசனை சொன்னார்கள். அதைக் கேட்காதது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. கடன் கொடுத்த வங்கிக்கும் கதவு ஒடுக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தவணை தவறினால் கெடுவது நம் சிபில் மதிப்பெண், வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் வங்கிதான்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். எனக்கு எட்டு மாதம் மிச்சம் இருந்தது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பது 2019 சட்டம் செய்த பெரிய உதவி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். மின்வழித் தாக்கலுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது; அதில் கோப்புகளை ஏற்றுவதற்குள் என் பொறுமை இரண்டு மூன்று முறை போயிற்று என்றாலும் வேலை முடிந்தது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நானே வாதாடுகிறேன் என்றேன். "கோபம் அடங்கியிருந்தா சரி" என்றார் அத்தான். அடங்கவில்லை என்பதால் அவரே வந்தார்.

எதிர்தரப்புக்குப் பதில் தாக்கல் செய்ய 30 நாள், மேலும் 15 நாள் வரை அவகாசம் தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. முகவர் நாற்பத்து நான்காம் நாள் தாக்கல் செய்தார். சட்டப்படி, பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்படுவது ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும். நடப்பில் வாய்தாக்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வழக்கைத் திருப்பியது ஒரு சின்ன மனு. வண்டிகளை ஏற்றிவரும் நீண்ட டிரெய்லர் லாரியிலிருந்து ஸ்டாக்யார்டில் இறக்கும்போது, வழியில் கீறலோ ஒடுக்கோ விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துத்தான் முகவர் தரப்பில் வரவுச் சீட்டில் கையெழுத்திடுவார்கள். இல்லையென்றால் போக்குவரத்துக் காப்பீட்டில் அவர்களுக்குப் பணம் கிடைக்காது. என் வண்டியின் சேஸிஸ் எண்ணுக்கு உரிய அந்தச் சீட்டை முன்வைக்க உத்தரவிட வேண்டும் என்று கேட்டோம். ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. சீட்டு வரவே இல்லை. அதற்குப் பதிலாக, அடுத்த வாய்தாவில் முகவரின் வழக்கறிஞர் விஷயத்தைச் சமரசத்துக்கு அனுப்பச் சம்மதம் தெரிவித்தார்.

சமரச அறையில் இரண்டு அமர்வுகள் நடந்தன. கதவு முழுவதும் புதிதாக மாற்றித் தருவது, கம்பளத்தையும் அதன் கீழே ஈரத்தில் கிடந்த வயர்களையும் மாற்றுவது, வாரன்டியை ஐந்து ஆண்டுக்கு நீட்டிப்பது, மன உளைச்சலுக்கும் மறுவிற்பனை மதிப்பு குறைவதற்கும் செலவுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் என்று முடிந்தது. நிறுவனம் பாகங்களைத் தந்தது, முகவர் பணத்தைத் தந்தார். மன்னிப்பு என்ற சொல்லை எழுத அவர்கள் சம்மதிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் இந்தச் சமரசத்தில் உள்ள எதையும் 2024 ஆகஸ்டிலேயே நான் கேட்டிருந்தால், கேட்பதற்கு ஜாப் கார்டும் கையில் இருந்திருந்தால், ஓராண்டு மிஞ்சியிருக்கும் என்றுதான் படுகிறது. புது வண்டி கிடைக்கவில்லையே என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு. 2025 ஐப்பசி மழையில் கம்பளம் நனையவில்லை. அம்மா மட்டும் ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் காலால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

இந்தத் தை மாதம் என் மச்சான் கார் வாங்கினார். நல்ல நாள் வெள்ளிக்கிழமை என்றதும், செவ்வாய்க்கிழமையே ஸ்டாக்யார்டில் வண்டியைக் காட்ட வேண்டும், நான் பார்த்த பிறகுதான் பாக்கிப் பணம் கட்டுவோம், பதிவுக்கும் அதன் பிறகே அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதிவெண் விழுந்துவிட்டால் அது நம் வண்டி. அதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்வதற்கும் பின்னால் சொல்வதற்கும் இடையே இருக்கும் தூரம் எனக்குத் தெரியும். டார்ச் விளக்கும், டிங்கர் தம்பியிடம் இரவல் வாங்கிய மைக்ரான் மீட்டரும் எடுத்துப் போனேன். பில்லில் இருந்த பதினேழு எழுத்துச் சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருந்ததோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதம் என்னவென்று எழுதப்போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்து டயர்களையும் பார்த்தேன். கண்ணாடிகளின் மூலை முத்திரைகள், கதவுக் கீல் போல்ட்டுகள், பீடிங்கின் மடிப்பு, கம்பளத்தின் அடி என்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. விற்பனைப் பிரதிநிதியான பையன் முதலில் கூடவே வந்தான், பிறகு நிழலில் போய் நின்றான். நான் நான்காவது கதவில் மீட்டரை வைத்து அளவை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது மச்சானிடம் மெதுவாகக் கேட்டான்: "சாருக்கு பெயின்ட் கம்பெனியிலயா வேலை?"